ரோஸ்வுட் என்பது தோதகத்தி

‘ரோஸ்வுட்’ என்றதும் ரோஜாச் செடி நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அந்தச் செடிக்கும் இந்த மரத்துக்கும் உறவு ஏதும் கிடையாது. வைரம் பாய்ந்த கட்டையை அறுக்கும்போது எழும் இனிய மணத்தால் வந்த பெயர் இது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய இச்சொல், கானரித் தீவுகளில் வளரும் ஒரு புதரின் மணமுள்ள கட்டைக்கும் பெயராக இருந்தது. பின்னர் பிரேசிலிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறிய டால்பெர்ஜியா என்னும் பேரினத்து மரங்களுக்கே அது பெரும்பாலும் உரியதாயிற்று.

மணத்தைக் கொண்டு இட்ட பெயர் என்பதால் அதன் எல்லை எளிதில் நெகிழ்ந்துவிட்டது. ‘ஆப்பிரிக்க ரோஸ்வுட்’ என விற்கப்படும் புபிங்கா வேறு பேரினம். ‘நியூகினி ரோஸ்வுட்’ நம் வேங்கை மரத்துக்கு நெருங்கிய உறவு. ஆகவே, செய்தவர் பெயரோ முத்திரையோ இல்லாத பழைய மேசை ஒன்றை ‘ரோஸ்வுட் மேசை’ என்று ஒருவர் விற்கும்போது, அவர் மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டார் என்று கொள்வதற்கில்லை.

தமிழில் இந்த நெகிழ்ச்சி இல்லை. தோதகத்தி, ஈட்டி, நூக்கு ஆகிய மூன்றும், மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா என்ற ஒரே மரத்தைக் குறிக்கின்றன. மலையாளத்திலும் அது ஈட்டிதான். எறியும் படைக்கலத்தோடு மயங்க இடமிருப்பதால் ‘ஈட்டிமரம்’ என்று எழுதுவது நல்லது. மயக்கத்துக்கு இடமின்றி நிற்பது தோதகத்தி என்பதால் அதையே நான் பரிந்துரைப்பேன். (‘தோதகம்’ என்றால் வஞ்சகம் என்றும் பொருள் உண்டு, ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துப் பெயர்க்காரணம் சொல்லிவிடக் கூடாது.) சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘ரோஜாமரம்’ பிழை. ஆங்கிலத்தில் இதற்கு ‘பிளாக்வுட்’ என்ற பெயரும் இருப்பதைப் பார்த்துக் கருங்காலி என்று எழுதுவதும் பிழையே. 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் செதுக்கு வேலைப்பாட்டுடன் செய்து ஏற்றுமதியான ‘பிளாக்வுட்’ நாற்காலிகள் தோதகத்தியால் ஆனவை.

பெயர் தெளிவானாலும் பொருளை அடையாளம் காண்பது தனி வேலை. வெயில் பட்ட தோதகத்தி ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறிப் பழுப்பாகிவிடும் என்பதால், மேற்பரப்பின் நிறத்தை நம்பாமல், இழுப்பறையின் உட்புறத்திலும் மேசையின் அடியிலும் பார்க்க வேண்டும். ஊதா கலந்த பழுப்பும் அதனூடே ஓடும் கரிய கோடுகளும் அங்கேதான் மாறாமல் இருக்கும். சாயம் ஏற்றிய மட்டமரமாக இருந்தால், திருகாணித் துளையின் ஓரத்திலேயே வெளுப்பு தெரிந்துவிடும். எடையும் உதவும்: உலர்ந்த தோதகத்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோ, தேக்கு ஏறத்தாழ 650. ஆனால் மெல்லிய தோதகத்தித் தகட்டை வேறு மரத்தின்மேல் ஒட்டும் வழக்கம் பரவலாக இருந்ததால், பலகையின் விளிம்பில் ரேகை தொடர்ந்து இறங்குகிறதா என்று பார்க்காமல் முடிவு கூறக் கூடாது.

செய்தவரை அறிவது இன்னும் கடினம். இங்கிலாந்தில் லங்காஸ்டரின் கில்லோஸ் பட்டறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தன் பொருள்கள் பலவற்றில் பெயரைப் பொறித்தது. நம் தச்சர்களிடம் அவ்வழக்கம் அரிது. ஆகவே ஆளைத் தேடுவதை விட ஊரையும் காலத்தையும் தேடுவதே பயன் தரும். கண்ணில் படாத இடங்களுக்குத் தச்சர் உள்ளூரில் மலிவாகக் கிடைத்த மரத்தையே இட்டிருப்பார் என்பதால், பின்பலகையும் இழுப்பறை அடிப்பலகையும் ஓக் அல்லது பைனாக இருந்தால் ஐரோப்பாவையும், தேக்கு அல்லது பலாவாக இருந்தால் இந்தியாவையும் முதலில் நினைக்க வேண்டும். இழுப்பறையின் மூலைகளில் பலகைகளைக் கோத்துப் பிணைக்கும், புறாவால் போல் விரியும் பற்கள் ஒன்றுக்கொன்று அளவில் சற்று மாறியிருந்தால் அது கைவேலை. கூர்முனையுள்ள திருகாணிகள், பின்னர் மாற்றியவை அல்லவெனில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய காலத்தைக் காட்டும்.

விற்பனைச் சீட்டில் ‘தோதகத்தி’ என்று எழுதுவது, அது இந்திய மரம் என்று உறுதியானால் மட்டுமே. பிரேசில் மரமானால் ‘பிரேசில் ரோஸ்வுட்’ என்றே எழுத வேண்டும். 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மரம் அது.