மேகியின் விலையில் லாட்டரி எண் இல்லை

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் வரப்போவதை முன்கூட்டிச் சொல்கிறது என்று நம்பி, போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். மூன்றாமவரை அனுப்பிவைத்த பிறகுதான், இதை எழுதாமல் விட்டால் நாலாவது ஆளும் வருவார் என்று உட்கார்ந்தேன்.

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பிள்ளைகளுக்கு ஓவியமும் அனிமேஷனும் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் சென்னையில் அனிமேஷன் செக்கர். வரைந்து வண்ணம் தீட்டி வரும் காட்சி கேமராவுக்குப் போகும் முன், எந்தப் படம் எத்தனை ஃபிரேம் என்று எழுதிய எக்ஸ்போஷர் ஷீட்டை ஒரு கையிலும் படங்களை மறு கையிலும் வைத்துக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அந்தப் பழைய வேலைதான் இப்போது வம்பாகியிருக்கிறது. கார்ட்டூனில் சந்தேகமா, மாஷிடம் (வாத்தியாரிடம்) கேள் என்று ஊரே அனுப்பிவைக்கிறது.

மூன்றாமவர் ஆனைமலைப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி. மகன் என் மாணவன். தமிழ்நாட்டில் 2003-இலேயே லாட்டரியைத் தடைசெய்துவிட்டார்கள் என்பதால், நம் எல்லையோரக் கடைகளுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்தான் பாதி வியாபாரம். இவரும் கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டி வந்து, கடைசி நான்கு இலக்கம் 4763 என்று முடியும் டிக்கெட்டாகத் தேடித்தேடி நான்கு செட் வாங்கியிருக்கிறார். செட்டுக்குப் பன்னிரண்டு டிக்கெட், டிக்கெட் ஐம்பது ரூபாய். 2,400 ரூபாய் போயிற்று. போதாததற்கு, அடுத்த எண்ணை முன்கூட்டிச் சொல்வதாக ஒரு வாட்ஸ்அப் குழு 999 ரூபாய் வாங்கியிருக்கிறது.

எண் வந்த வழியைக் கேளுங்கள். ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் பழைய தொடக்கக் காட்சியில், கடைக் கல்லாவில் சாமான்களோடு சாமானாகக் குழந்தை மேகியையும் ஸ்கேன் செய்துவிடுவார்கள். கல்லாத் திரையில் 847.63 என்று விழும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் இந்த 4763.

“மாஷே, அந்தக் கார்ட்டூன் சொன்னதெல்லாம் அப்படியே நடக்கிறதாமே. நீங்கள் அந்தத் தொழிலிலேயே இருந்தவர். அடுத்த எண் எந்த எபிசோடில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். பக்கத்தில் நின்ற பையன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த 847.63, அன்றைய அமெரிக்காவில் ஒரு குழந்தையை வளர்க்க மாதம் ஆகும் டாலர் செலவு என்பார்கள். பிள்ளைக்கு விலை போடும் நகைச்சுவை, அவ்வளவுதான். 2009-இல் தொடக்கக் காட்சியைப் புதிதாக வரைந்தபோது விலையையும் மாற்றிவிட்டார்கள். தெய்வ வாக்கை யாராவது இப்படித் திருத்தி எழுதுவார்களா?

இதே கல்லாவை வைத்து அந்தத் தொடர் ரசிகர்களைக் கேலி செய்தது இன்னும் பெரிய வேடிக்கை. 1995 டிசம்பரில் வந்த 138-ஆம் எபிசோட் சிறப்பு நிகழ்ச்சியில், கல்லாத் திரையில் தெரிவது என்ன என்று ஒரு புதிர் போட்டார்கள். விடையாகக் காட்டியது, துப்பாக்கிக்காரர் சங்கம் ஒன்றை வாழ்த்தும் வாசகம். அந்தக் கணத்து நகைச்சுவைக்காகவே வரைந்த படம் அது. அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு, மேகி விலையில் ரகசிய அரசியல் செய்தி இருக்கிறது என்று பல ஆண்டுகள் பேசித் திரிந்தவர்கள் உண்டு. ரகசியம் தேடுகிறவர்களைக் கிண்டல் செய்தாலும் அதையே ரகசியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது?

என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். “ஒவ்வொரு படமும் கையால் வரைவது. அப்படியானால் திரையில் உள்ள ஒவ்வொன்றும் யோசித்து வைத்ததுதானே?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இல்லை ஐயா. கையால் வரைவதால்தான் பாதி யோசிக்காமல் வருகிறது. பேக்கிரவுண்ட் வரைகிறவனுக்கு ஒரு கடைப் பலகையில், ஒரு வண்டியில், ஒரு வீட்டுக் கதவில் எண் எழுத வேண்டியிருக்கும். ஸ்கிரிப்டில் எண் இருக்காது. இயக்குநர் வீட்டுக்குப் போயிருப்பார். மணி இரவு பத்து. அவன் தன் பைக் எண்ணை எழுதுவான், தங்கை பிறந்த தேதியை எழுதுவான், ஹாஸ்டல் அறை எண்ணை எழுதுவான். எங்கள் யூனிட்டில் வண்டித்தாவளத்துப் பையன் ஒருவன், எந்த நாட்டுக் கதையாக இருந்தாலும் கதவுக்கெல்லாம் தன் பாட்டி வீட்டு எண்ணையே போடுவான். செக்கராக நான் அதைத் திருத்தியதே இல்லை. கதைக்கு இடைஞ்சல் இல்லாத எண்ணைத் திருத்த யாருக்கு நேரம்?

வேண்டுமென்றே ஒளித்துவைப்பவையும் உண்டு. அவை பெரும்பாலும் கூட்டாளிகளுக்குள் கண்ணடிப்பது. 1990 ஏப்ரலில் வந்த எபிசோடில், கோமாளி க்ரஸ்டியைப் போலீஸ் படம் பிடிக்கும்போது அவன் கைதி எண் ஏ113. அந்த எபிசோடின் இயக்குநர் பிராட் பேர்ட். ஏ113 என்பது அவரும் அவருடன் படித்தவர்களும் உட்கார்ந்த கலைக் கல்லூரி வகுப்பறையின் எண். பிற்பாடு பிக்சார் என்ற அனிமேஷன் நிறுவனத்தின் படங்களிலும் வண்டி எண்ணாக, கதவு எண்ணாக அது எட்டிப்பார்க்கிறது. அந்த வகுப்பறை மாணவனுக்குத்தான் அதில் சேதி. நமக்கு ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்த ஒளித்துவைப்பு 1995 அக்டோபரில் வந்த பேய்க்கதை எபிசோடில் இருக்கிறது. மேகியின் அப்பா ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழும்போது, பின்னால் 1782-இன் 12-ஆம் அடுக்கும் 1841-இன் 12-ஆம் அடுக்கும் சேர்ந்தால் 1922-இன் 12-ஆம் அடுக்கு என்று ஒரு சமன்பாடு மிதக்கும். ஃபெர்மா என்ற கணிதர் இப்படி எண்களே கிடையாது என்று எழுதிவைத்துப் போனார். அவர் சொன்னது சரி என்று காட்டிய ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சானது அதே 1995-இல். ஆனால் பத்து இலக்கக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் சமன்பாடு சரியாக வருவதுபோல் தெரியும். எழுத்தாளர் டேவிட் கோஹன் கணினியில் தேடிப் பிடித்த ஏமாற்று எண்கள் அவை. வியாபாரியிடம் இதைக் காட்டி, கால்குலேட்டர் இல்லாமலே பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் விழித்தார். பையன் சொன்னான்: “இரட்டை எண்ணோடு ஒற்றை எண்ணைக் கூட்டினால் ஒற்றைதானே வரும்? 1922 இரட்டை. எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைதான். பொருந்தாது.” போன மாதம் நான் சந்தோஷப்பட்ட ஒரே தருணம் அது.

பிழைகளுக்கும் இதே கதி. 1990 ஜனவரியில் வந்த எபிசோடில் ஸ்மிதர்ஸ் என்ற பாத்திரம் கறுப்பு நிறமாக இருப்பார். பிறகு மஞ்சளாகிவிடுவார். இதற்கு ஆளுக்கொரு தத்துவம் சொல்கிறார்கள். வண்ணப் பிரிவில் நடந்த தவறு அது. திருத்தப் பணமும் நேரமும் இல்லாமல் அப்படியே போனது. செல் என்ற ஒளி ஊடுருவும் தாளில் வண்ணம் தீட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு வண்ண எண் மாறினால் ஆளே மாறிப்போவான். ஹோமரும் மனைவி மார்ஜும் பள்ளியில் சந்தித்தது 1991-இல் வந்த எபிசோடின்படி 1974. 2008-இல் வந்த எபிசோடோ அவர்களை 1990-களின் காதலர்கள் ஆக்கிவிட்டது. அவர்கள் மகன் பார்ட்டுக்கு எப்போதும் பத்து வயதுதான். அப்படியிருக்க, பெற்றோரின் காதலைத் தள்ளிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழி என்ன? காட்சிக்குக் காட்சி பை தோள் மாறினால், படத்தைப் புரட்டிப் போட்டு நேரம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு தபால்காரரின் பையை நானே அப்படித் தோள் மாற விட்டிருக்கிறேன். ரீடேக்குக்கு ஆள் இல்லை.

‘நடந்ததைச் சொன்னது’ என்று பரவுபவற்றுக்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை, தேதி பார்த்தால் போதும். டிரம்ப் நகரும் மாடிப்படியில் இறங்கும் கார்ட்டூன் 2015 ஜூலையில் வெளியானது. உண்மையான நிகழ்ச்சி ஜூனில் முடிந்துவிட்டது. அவர் ஜனாதிபதியாக இருந்தார் என்று 2000 மார்ச்சில் ஒரு எபிசோட் சொன்னது உண்மைதான். அதற்கு முந்தைய மாதங்களில் அவரே ஒரு கட்சி சார்பில் நிற்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததும் உண்மை. கொரோனா என்று எழுத்து தெரியும் செய்தி வாசிப்பாளர் படம், எவனோ எழுத்தை மாற்றி ஒட்டியது.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள், முழு எபிசோடைப் பாருங்கள். எப்போது வெளியானது என்று பாருங்கள். எண்ணுக்குக் காசு கேட்கிறவனுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவனுக்கு உண்மையிலேயே எண் தெரிந்தால் உங்கள் 999 ரூபாய் அவனுக்கு எதற்கு? லாட்டரி வாங்கியே தீருவேன் என்றால் அது உங்கள் காசு, ஒரு டிக்கெட் வாங்கிவிட்டுப் போங்கள், மேகியை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் இந்த வீடியோக்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால் அடிக்காதீர்கள். பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நல்ல செக்கர்கள் கிடைப்பது அரிது.

சந்தேகமான படம் கையில் வந்தால், டிக்கெட் கடைக்குப் போவதற்கு முன் என்னிடம் கொண்டுவாருங்கள். எந்த எபிசோட், ஒட்டுவேலையா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம். வியாழக்கிழமை மாலை மட்டும் வராதீர்கள், சின்னப் பிள்ளைகள் வகுப்பு இருக்கிறது. அடுத்த எண் எது என்று கேட்டால் மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.