அக்டோபரில் ஓட்டம் ஏன் கசக்கிறது?

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஜூலை மழையில் 10 கி.மீ. அலுங்காமல் ஓடினேன். அக்டோபரில் அதே வேகத்தில் 6 கி.மீ. தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளுகிறது. ஜனவரி மராத்தானுக்குப் பணம் கட்டியாயிற்று. காலையில் அலாரம் அடித்தால் எழவே மனம் வரவில்லை. மன உறுதியை வளர்க்க வழி உண்டா?”

மன உறுதியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். முதலில் காற்றைப் பார்ப்போம்.

2004இல் தொடங்கிய மும்பை மராத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கிறது. அதற்கு நான்கைந்து மாதப் பயிற்சி என்றால் பருவமழையில் ஆரம்பித்து, அக்டோபர் வெக்கையில் வெந்து, டிசம்பரில்தான் கொஞ்சம் மூச்சுவிட முடியும். திட்டம் ஒன்று, வானிலை மூன்று.

ஓடும் உடம்பு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவழிக்கும். 65 கிலோ ஆள் மணிக்கு 10 கி.மீ. ஓடினால் 650. இதில் முக்கால் பங்குக்கு மேல், அதாவது சுமார் 500 கிலோகலோரி, வெறும் வெப்பம். அது வெளியேறாவிட்டால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும். அப்படி ஆகாமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியைக் கொண்டுபோய்விடும். ‘ஆவியானால்’ என்பதுதான் நிபந்தனை. சட்டை நுனியில் சொட்டித் தரையில் விழும் வியர்வை வெப்பத்தைத் தொடுவதே இல்லை. உப்பையும் நீரையும் பறித்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றும் தராமல் போகிறது.

எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது தோலுக்கும் காற்றுக்கும் இடையிலான நீராவி அழுத்த வித்தியாசம். 35 டிகிரியில் உள்ள ஈரத் தோலின் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). இது ஏறக்குறைய மாறாது. மாறுவது காற்றின் பக்கம். அக்டோபர் விடியற்காலை 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் 2.85 இருக்கிறது, மீதி 2.75. ஜனவரி விடியலில் 18 டிகிரி, 70 சதவீதம். காற்றில் 1.44தான், மீதி 4.2. அதாவது அதே தோல், அதே வியர்வை, ஆவியாகும் திறன் மட்டும் ஒன்றரை மடங்கு.

இனி வேடிக்கை. அதே அக்டோபர் நாளில் ஒன்பது மணிக்குப் போனைப் பார்த்தால் 31 டிகிரி, ஈரப்பதம் 62 சதவீதம் என்று காட்டும். ‘அடடா, ஈரப்பதம் குறைந்துவிட்டதே’ என்று தோன்றும். கணக்குப் போட்டால் நீராவி அழுத்தம் 2.8, விடியலில் இருந்த அதே அளவு! காற்றிலிருந்து ஒரு சொட்டு நீரும் போகவில்லை. காற்று சூடானதால் அதன் கொள்ளளவு பெரிதாகி, சதவீதம் சிறிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஈரப்பதச் சதவீதம் ஓட்டக்காரரை ஏமாற்றும் எண். பார்க்க வேண்டியது பனிநிலை: எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி துளியாகுமோ அந்த எண். மேலே சொன்ன அக்டோபர் காலையில் ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் அது 23 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஜனவரி உதாரணத்தில் 12. பெரும்பாலான வானிலைச் செயலிகளில் இது உண்டு, கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்க வேண்டும். 15க்குக் கீழே இருந்தால் திட்டமிட்ட வேகத்தில் ஓடலாம். 20ஐத் தாண்டினால் வேகம் குறைந்தே தீரும். 23க்கு மேல் வேகம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

அப்படியானால் ஜூலை எப்படிச் சுகமாக இருந்தது? அப்போது பனிநிலை இன்னும் அதிகம்தான். ஆனால் மேகம் வெயிலை மறைத்தது, பருவக்காற்று வீசியது, 25 டிகிரி மழைநீர் தோலைத் தொட்டு நேரடியாக வெப்பத்தை உறிஞ்சியது. அக்டோபரில் இம்மூன்றும் ஒரேயடியாக விடைபெறுகின்றன. ஈரம் மட்டும் தங்கிவிடுகிறது.

இப்படி வியர்வை சரியாக ஆவியாகாதபோது இதயம் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. ரத்தம் தசைக்கும் போக வேண்டும், குளிர்வதற்காகத் தோலுக்கும் போக வேண்டும். வியர்த்து வியர்த்து ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைவதால் ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் சுருங்குகிறது; ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. வேகம் மாறாமலே அரை மணி நேரத்தில் நாடி பத்துப் பதினைந்து கூடுவது இதனால்தான். மூளை இதையெல்லாம் கூட்டிப் பார்த்து ‘கஷ்டம்’ என்கிறது. சரியாகத்தான் சொல்கிறது.

மனம் சோர்வதன் காரணமும் இங்கேதான் தொடங்குகிறது. நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது இது: எதிர்பார்த்த பழச்சாறு வராமல் போனால், வரவேண்டிய அந்தக் கணத்தில் ஊக்கத்தோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே போகிறது. ஒரு கி.மீ.க்கு 6 நிமிடம் என்று இலக்கு வைத்துக்கொண்டு 23 டிகிரி பனிநிலையில் இறங்கினால், வாட்ச் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ‘பழச்சாறு இல்லை’ என்று அறிவிக்கும். இரண்டு வாரம் இப்படிப் போனால் அலாரத்தை அணைக்கும் கையைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே அளவுகோலை மாற்றுங்கள். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் 6 (உழைப்பே இல்லை) முதல் 20 (உச்ச உழைப்பு) வரை, நாமே உணர்ந்து எண் போடும் ஓர் உழைப்பு அளவுகோல் தந்தார். உங்கள் எண்ணைப் பத்தால் பெருக்கினால் தோராயமாக நாடி வரும். சாதாரண ஓட்டத்துக்கு 11 அல்லது 12, அதாவது முழு வாக்கியமாகப் பேச முடிகிற நிலை. தூரத்துக்குப் பதில் நேரம்: ‘10 கி.மீ.’ அல்ல, ‘65 நிமிடம், உழைப்பு 12’. வாட்ச் திரையில் வேகத்தை மறைத்துவிட்டு நேரத்தையும் நாடியையும் மட்டும் வையுங்கள். இந்த இலக்கை எந்த வானிலையிலும் எட்ட முடியும்.

இன்னொரு நல்ல செய்தி, வெக்கை வீணாவதில்லை. தினமும் ஒரு மணி நேரம் போல வியர்க்க ஓடினால் முதல் நான்கைந்து நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகத் தொடங்கும். பத்துப் பதினான்கு நாளில் வியர்வை சீக்கிரம் தொடங்கி அதிகமாகச் சுரக்கும். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பைத் தடுத்து நிறுத்துவதால் வியர்வையின் உவர்ப்பும் குறையும். ஒரு வாரம் விட்டால் இந்த லாபம் கரைய ஆரம்பிக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் அரை மணி நேரமாவது ஓடச் சொல்வது அதனால்தான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்த வாரத்தில் மட்டும் வேண்டாம். தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உதவி கேளுங்கள்.

கூடுதலாக வியர்த்தால் கொழுப்பு கரையும் என்று பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்க்கும்போது எரிச்சலாக வருகிறது. ஆவியாகும் ஒரே வழியையும் அடைத்துவிட்டுக் குறைப்பது தண்ணீரின் எடையை. இரண்டு சொம்பு குடித்ததும் திரும்பிவிடும். இன்னொரு ஆதங்கமும் உண்டு. ராணுவ வீரர்களின் வெப்பத் தாங்குதிறனை டெல்லியில் பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வகம் ஆராய்கிறது, நல்லது. அதே அக்டோபர் மதியத்தில் சிமென்ட் மூட்டை சுமக்கும் கட்டடத் தொழிலாளியின் உடம்புக்கும் அந்த அளவு பணமும் கவனமும் வர வேண்டாமா? நமக்காவது நிறுத்திக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது.

மழை நாட்களுக்கு ‘அப்படியானால் இப்படி’ என்று முந்தின இரவே முடிவெடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் விளக்கிய உத்தி இது. விடியலில் மனதோடு பேரம் பேசும் வேலை மிச்சம். தூறல் என்றால் பக்கத்திலுள்ள ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா. இடி கேட்டால் கட்டடப் படிக்கட்டு, 30 நிமிடம். உங்கள் பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்றால் ஓட்டமே இல்லை: மூடியில்லாத குழி கண்ணுக்குத் தெரியாது, காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி நுழைய அது போதும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரத்தில் மாற்றித் திணியுங்கள். வெயிலில் போட்டால் பசை விட்டுவிடும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஓடுவதற்கு முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்துக்கொண்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதை அக்டோபரில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் ஒருமுறை செய்ய வேண்டும். ஏனென்றால் ஜனவரியில் வியர்வை குறைவு. அக்டோபர் பழக்கத்தில் பந்தய வழியில் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று நின்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், மோசமானால் உயிருக்கே ஆபத்து. பந்தயத்தன்று டிசம்பர் எண்தான் செல்லும்.