பிராடியின் பந்தில் காற்றை இறக்கியது யார், குளிரா?

2015 ஜனவரி 18. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபாக்ஸ்பரோவில் அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லின் முக்கியமான ஆட்டம். ஜெயிக்கும் அணிக்கு சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியில் இடம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸை 45-7 என்று துவைத்தெடுத்தது. இடைவேளையில் நடுவர்கள் பேட்ரியாட்ஸின் பந்துகளை அளந்தபோது காற்று குறைவாக இருந்தது.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு அணியும் தாக்கி ஆடும்போது தன் சொந்தப் பந்துகளைத்தான் பயன்படுத்தும். காற்று கொஞ்சம் குறைந்தால் பிடி நன்றாக விழும். அதனால் சந்தேகம் நேராக பேட்ரியாட்ஸின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர், டாம் பிராடி மேல் பாய்ந்தது.

விதிப்படி பந்தின் அழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை இருக்க வேண்டும். பேட்ரியாட்ஸ் தங்கள் பந்துகளை 12.5-ல் வைத்திருந்தார்கள். நிரப்பிய அறையில் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ், மைதானத்தில் 9 டிகிரி. மூடிய பந்துக்குள் காற்று குளிர்ந்தால் அதன் மூலக்கூறுகள் மெதுவாக மோதும், அழுத்தம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதில்தான் பலர் சறுக்கினார்கள். அழுத்தமானி காட்டும் 12.5 என்பது வெளிக்காற்றைவிட உள்ளே கூடுதலாக இருக்கும் அழுத்தம் மட்டுமே. வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்து 27.2 என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். இதை விட்டுவிட்டு வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசனே தப்புக் கணக்குப் போட்டு, அப்புறம் திருத்திக்கொண்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். 22 டிகிரி என்பது 295 கெல்வின், 9 டிகிரி என்பது 282. 27.2-ஐ 282-ஆல் பெருக்கி 295-ஆல் வகுத்தால் 26. அதில் 14.7-ஐக் கழித்தால் 11.3. ஆக, யாரும் கை வைக்காமலே ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் போய்விடும். இதை விசாரிக்க லீக் நியமித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸின் அறிக்கையும் இதை ஒப்புக்கொண்டது, குளிரால் 11.32 முதல் 11.52 வரை இறங்கலாம் என்றது.

தகராறு இதற்கு அப்புறம்தான். இடைவேளையில் 11 பந்துகளையும் இரண்டு அழுத்தமானிகளால் அளந்தார்கள். ஒன்றின் சராசரி 11.49, மற்றதில் 11.11. இரண்டும் ஒரே பந்துகள்தான்! ஒரு கருவி மற்றதைவிட 0.4 அளவுக்குக் கூட்டியே காட்டியது. ஆட்டத்துக்கு முன் கூட்டிக் காட்டும் கருவியால் அளந்திருந்தால் 11.49 குளிரின் எல்லைக்குள் அழகாக அடங்கிவிடும், குற்றமே இல்லை. மற்றதால் அளந்திருந்தால் 11.11-க்குக் குளிர் மட்டும் போதாது. கூட்டிக் காட்டும் கருவியைத்தான் பயன்படுத்தியதாக ஞாபகம் என்றார் நடுவர். அறிக்கையோ அது மற்றதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு கட்டியது. ஆட்டத்துக்கு முன் எடுத்த அளவுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. என் பார்வையில் வழக்கின் ஓட்டை இங்கேதான்.

கோல்ட்ஸின் பந்துகள் இவ்வளவு இறங்கவில்லையே என்பது எதிர்வாதம். ஆனால் அவற்றைப் பிறகுதான் அளந்தார்கள், அதுவும் நேரமில்லாமல் நான்கு மட்டும். அதற்குள் அவை அறையின் வெப்பத்தில் நிமிடத்துக்கு நிமிடம் சூடேறி அழுத்தம் மீண்டுகொண்டிருந்தன. ஈரமான பந்து இன்னும் மெதுவாகத்தான் மீளும். ஈரம், நேரம் எல்லாவற்றையும் சோதித்துவிட்டோம், அப்படியும் முழுக் கணக்கு வரவில்லை என்றது அறிக்கைக்காக ஆய்வு செய்த எக்ஸ்போனென்ட் நிறுவனம். எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் லியோனார்ட் அதே எண்களை வைத்து, யாரும் காற்றை இறக்கவில்லை என்று வாதிட்டார்.

அறிக்கை இயற்பியலை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அணி ஊழியர்கள் இருவரின் குறுஞ்செய்திகள், பந்துப் பைகளோடு ஓர் ஊழியர் 1 நிமிடம் 40 விநாடி கழிவறைக்குள் இருந்தது ஆகியவையும் அதில் உண்டு. ஊழியர்கள் காற்றை இறக்கியது பிராடிக்குப் பொதுவாகத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதன் முடிவு, அவர் மறுத்தார். அவருக்கு நான்கு ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம்.

2015 செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை நீக்கினார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அது பார்த்தது லீக் ஆணையருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதை மட்டும்தான். பந்தின் வெப்பநிலையை அல்ல. இதற்கிடையே 2015 சீசனிலிருந்து பந்துகளுக்கு எண் போட்டு அழுத்தத்தைக் குறித்து வைக்கும் முறை வந்தது. சில ஆட்டங்களில் இடைவேளையிலும் அளந்தார்கள். குளிர்கால ஆட்டங்களில் எவ்வளவு இறங்கியது என்று காட்டியிருக்கக்கூடிய அந்த எண்களை லீக் வெளியிடவில்லை.