எலும்பில் துளை எங்கே விழுகிறது?

இறக்கத்தில் நடக்கும்போது முழங்கால் சட்டென்று விலகுகிறது என்று சொல்லி கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலருக்கு முன் சிலுவைச் சவ்வு (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் நார், ACL) அறுந்திருக்கும். கொழுந்துக் கூடையோடு வழுக்கியவர்கள், ஆட்டோ கவிழ்ந்து அடிபட்டவர்கள், வொலிபோல் ஆட்டத்தில் எம்பிக் குதித்த பிள்ளைகள். சமதரையில் சமாளித்துவிடலாம். பொகவந்தலாவை, மஸ்கெலியா போன்ற மலைத்தோட்டங்களில் வேலைக்குப் போகிற வழியே இறக்கமும் ஏற்றமும்தான்.

சத்திரசிகிச்சை என்றதும் புதுச் சவ்வை எலும்பில் இறுக்கும் ஸ்க்ரூ எந்த நாட்டுச் சாமான், என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். எனக்கோ துளைதான் முக்கியம். தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்த தசைநாரை, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு அதன் வழியே கோர்த்துப் பொருத்துகிறோம். இயற்கைச் சவ்வின் நீளமே ஏறத்தாழ 3 சென்டிமீற்றர்தான். தொடை எலும்புத் துளை சில மில்லிமீற்றர் முன்னால் விழுந்தாலும் போதும்: காலை மடக்க முடியாது, அல்லது புதுச் சவ்வு நாளடைவில் தளர்ந்துவிடும். கீழ்த்துளை முன்னால் போனால் கால் முழுதாக நிமிராது.

எலும்பு வளைவானது, வழுவழுப்பானது. ட்ரில் முனை அதில் சறுக்கும். கைக்கணக்கை நம்பித் துளைக்கவே கூடாது. அதற்காகத்தான் வழிகாட்டிக் கருவி. கீழ்க்கால் எலும்புக்கான வழிகாட்டி அரைவட்டமாக வளைந்த கை போலிருக்கும். அதன் கொக்கி முனையை மூட்டுக்குள் விட்டு, சவ்வு முன்பு ஒட்டியிருந்த இடத்தில் கமராவில் பார்த்தபடியே வைப்போம். மறுமுனைக் குழாய் வெளியே எலும்பில் அழுந்தி நிற்கும். கோணத்தை 55 பாகையளவில் பூட்டி, முதலில் மெல்லிய கம்பியை மட்டும் செலுத்துவோம். அது கொக்கியின் நுனியில் வந்து எட்டிப் பார்க்கும். உடனே அகலத் துளைப்பதில்லை. காலை நீட்டி, கம்பி மேலே எலும்பில் இடிக்கிறதா என்று பார்ப்போம். இடித்தால் கம்பியை உருவி மாற்றலாம். 8 மில்லிமீற்றர் துளையைப் போட்ட பிறகு மாற்றுவது பெரும்பாடு. தியேட்டரில் நான் அவசரப்பட விரும்பாத நிமிடம் இதுதான்.

துளைக்கும்போது எழும் வெப்பமும் கவனிக்க வேண்டியது. 47 பாகை செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நின்றாலே எலும்புக் கலங்கள் பாதிக்கப்படும். கூரான ட்ரில்லும் இடைவிடாத சேலைனும் வேண்டும்.

மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு அவரவர் ஸ்கேனைப் பார்த்து அச்சிடும் வழிகாட்டிகளும் வந்துவிட்டன. அது கிடைக்கவில்லையே என்று கடன் வாங்கிக்கொண்டு கொழும்புக்கு ஓடாதீர்கள். வழக்கமான வழிகாட்டியைப் பொறுமையாகப் பொருத்தினாலே பலன் நன்றாக இருக்கும்.

"எலும்புல ஓட்ட போட்டா பலம் போயிராதாய்யா?" என்று அம்மாமார் கேட்பதுண்டு. போகாது. சில மாதங்களில் துளைச் சுவரோடு சவ்வு ஒட்டிக்கொள்ளும். அதுவரை கூடை தூக்கிச் சரிவில் இறங்கக் கூடாது. லேசான வேலைக்கு வைத்தியச் சான்றிதழ் கேட்டு வாங்கி, தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயில் துளைகளைக் காட்டச் சொல்லி கேளுங்கள். அந்தப் படத்தையும் ஆஸ்பத்திரி டிக்கட்டையும் மழை படாமல் பொலித்தீன் உறையில் வையுங்கள். ஆறு வாரமாகியும் கால் நிமிரவில்லையென்றால், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.