மனைப்பிரிவு வரைபடத்துக்கு அனுமதி: அது எந்தக் கட்டத்தில் முழுமை பெறுகிறது?

தமிழ்நாட்டில் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க விரும்புகிறவர், முதல் மனையை விற்பதற்கு முன்பே மனைப்பிரிவு வரைபடத்துக்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். இதற்கு அடிப்படையாக இருப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சாலையின் அகலம், மனையின் குறைந்த அளவு, பொதுவுக்கு விட வேண்டிய இடம் ஆகியவற்றை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், பிற பகுதிகளில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் வரைபடத்தை ஆராய்கின்றன.

இந்த ஆய்வு பாதி வேலைதான். மேற்கண்ட அமைப்புகள் தருவது தொழில்நுட்ப ஒப்புதல்; அதன் அடிப்படையில் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி வழங்குவதே இறுதி ஒப்புதல். தொழில்நுட்ப ஒப்புதல் எண்ணை மட்டும் காட்டி விற்பவர்களும் உண்டு. அதற்கு நேர்மாறாக, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. புதிய மனைப்பிரிவுக்குத் தானாகவே அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை என்பதால், இரண்டாவது வகையினர் காட்டும் முத்திரையும் கையெழுத்தும், முந்தைய தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாதவரை, சட்டத்தின் கண்ணில் அனுமதி ஆகாது.

விண்ணப்பத்துடன் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கிராம நில விவரங்கள் அடங்கிய ‘அ’ பதிவேட்டின் நகல், புல வரைபடம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். வரைபடத்தில் மனைகளை மட்டும் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டால் போதாது. புல எண்களும் எல்லைகளும், நிலத்துக்கு வந்து சேரும் அணுகுசாலையின் அகலமும், அருகிலோ குறுக்கிலோ செல்லும் வாய்க்கால், ஓடை, உயரழுத்த மின்கம்பி ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். பத்திரம் ஒரு பரப்பையும் பட்டா வேறொரு பரப்பையும் சொன்னால், அதைத் தீர்த்துக்கொள்ளாமல் வரைபடம் தயாரிப்பது வீண் செலவு. அளவர் தரையில் சங்கிலி பிடிக்கும்போது அந்த வேறுபாடு எப்படியும் வெளிப்பட்டுவிடும். நிலம் நஞ்சையாக இருந்தாலோ, நீர்நிலையை ஒட்டி இருந்தாலோ, இருப்புப்பாதை எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் வந்தாலோ, உரிய துறைகளின் கருத்தையோ தடையின்மைச் சான்றையோ தனியே பெற வேண்டியிருக்கும்.

வரைபடத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் மனை வாங்குகிறவரை நெடுங்காலம் பாதிக்கக்கூடிய பகுதி, சாலைகளும் பொதுத் திறந்தவெளியும்தான். பரப்பு 3,000 சதுர மீட்டர் வரை இருந்தால் திறந்தவெளி ஒதுக்க வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இருந்தால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை ஒதுக்க வேண்டும். இடமாகத் தர இயலாதபோது, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பின்படி பணமாகச் செலுத்த வழி உண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அந்த வழியும் அடைபடுகிறது. இடமாகவே விட்டாக வேண்டும். எடுத்துக்காட்டாக, 20,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் நிலத்தில் சாலைகளுக்கு 5,000 சதுர மீட்டர் போனால், எஞ்சிய 15,000இல் 1,500 சதுர மீட்டர், சுமார் 37 சென்ட், பூங்காவுக்குப் போகும். நில உரிமையாளருக்கு இது இழப்பாகத் தோன்றுவது இயல்பே; எனினும், மழைநீர் இறங்கவும் குழந்தைகள் விளையாடவும் அந்த மனைப்பிரிவில் பின்னாளில் எஞ்சப்போகும் இடம் அது ஒன்றுதான்.

இந்தச் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உரிமையாளர் தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அதன் பிறகு அவை அவருடைய சொத்து அல்ல. பூங்கா என்று குறிக்கப்பட்ட இடத்தைப் பின்னர் மனையாக்கி விற்கவும் முடியாது. எனவே, மனை வாங்குகிறவர் வரைபடத்தின் நகலோடு நின்றுவிடாமல், இறுதி ஒப்புதல் ஆணையும் தானப்பத்திரத்தின் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று உள்ளாட்சி அலுவலகத்திலேயே பார்ப்பது நல்லது. விற்பனை அலுவலகச் சுவரில் பல வண்ணத்தில் தொங்கும் படம், ஒப்புதல் பெற்ற வரைபடத்தோடு மனை எண் அளவில்கூடப் பொருந்தாமல் இருக்கலாம்.

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி, ஒப்புதல் இல்லாத மனையின் விற்பனைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும். அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அனுமதியின்றி உருவான பழைய மனைகளை முறைப்படுத்திக்கொள்வதற்காக 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் கொண்டுவரப்பட்டன. அவையும் 2016 அக்டோபர் 20ஐயே கெடு நாளாக வைத்துக்கொண்டன. அதற்குப் பின் உருவான மனைப்பிரிவை இந்த விதிகளின் கீழ் வரன்முறை செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், அதை நம்ப வேண்டியதில்லை.

500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு என்றால், உள்ளாட்சி ஒப்புதலுக்குப் பிறகு இன்னொரு படியும் உள்ளது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி அதை மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. வாங்குகிறவர்களிடமிருந்து பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலச் செலவுக்கும் மேம்பாட்டுச் செலவுக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் சாலையையோ பூங்காவையோ பின்னர் இடம் மாற்ற விரும்பினால், மனை வாங்க ஒப்பந்தம் செய்தவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ இசைவு முன்கூட்டியே வேண்டும்.