ஸ்ட்ராடஜி: உத்தியா, வியூகமா, மூலோபாயமா?

ஸ்ட்ராடஜிங்கற வார்த்தைய இப்ப எதுக்கு வேணாலும் போடுறாங்க, ப்ரைசிங் ஸ்ட்ராடஜி, ஹயரிங் ஸ்ட்ராடஜி, சோஷியல் மீடியா ஸ்ட்ராடஜின்னு. இங்கிலீஷ்ல பேசுற வரைக்கும் ஓடிடுது, தமிழ்ல எழுத உக்காந்தாதான் சிக்கல். ஒருத்தர் உத்திங்கறார், இன்னொருத்தர் வியூகம்ங்கறார், இலங்கைல மூலோபாயம்ங்கறாங்க, சிலர் திட்டம்னு போட்டு முடிச்சிடுறாங்க. நாலும் ஒரே அர்த்தம் கிடையாது.

முதல்ல வேர். கிரேக்கத்துல ஸ்ட்ராடோஸ்னா படை, அகேய்ன்னா நடத்திட்டுப் போறது. ரெண்டும் சேர்ந்ததுதான் ஸ்ட்ராடெகோஸ், அதாவது தளபதி. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்ல வருஷா வருஷம் 10 ஸ்ட்ராடெகோஸை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க, அங்கத்த பெரிய அரசியல் தலைவர் பெரிக்ளிஸ் ஊர்ல அவ்ளோ செல்வாக்கோட இருந்தது இந்தப் பதவிக்குத் திரும்பத் திரும்ப வந்துதான். ஸ்ட்ராடெகியான்னா அந்தத் தளபதியோட பதவி, அவரோட வேலை. வார்த்தை பிறந்தப்போ அது எழுதி வச்ச திட்டத்தைக் குறிக்கல, முன்னாடி நின்னு நடத்துற ஒரு ஆளோட பொறுப்பைக் குறிச்சது, லீடர்ஷிப் தனி ஸ்ட்ராடஜி தனின்னு பிரிச்சதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. இந்த விஷயத்தை மறந்துட்டா தமிழ்ச் சொல் தேடுறதும் தப்பாத்தான் போகும்னு நெனைக்கிறேன்.

18ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சு ராணுவ எழுத்தாளர்கள் இந்தச் சொல்லத் திரும்ப எடுத்தாங்க. 1832ல வெளிவந்த, பிரஷ்ய ராணுவ அதிகாரி கிளாஸ்விட்ஸோட நூல்ல ஒரு தெளிவான கோடு இருக்கு: ஒரு சண்டைல படைய எப்படிப் பயன்படுத்துறதுங்கறது டாக்டிக்ஸ், அந்தச் சண்டைகளையெல்லாம் போரோட நோக்கத்துக்கு எப்படிப் பயன்படுத்துறதுங்கறது ஸ்ட்ராடஜி. பிசினஸுக்கு இது வந்தது ரொம்ப லேட். மேனேஜ்மென்ட் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1964ல வந்த தன்னோட புத்தகத்துக்கு ஸ்ட்ராடஜின்னு தலைப்பு வைக்கப் பார்த்தப்போ, அது ராணுவத்துக்கும் அரசியலுக்கும் உள்ள சொல்னு சொல்லி தலைப்பையே மாத்த வச்சாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1962ல, பிசினஸ் வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் சாண்ட்லர் கம்பெனிகளுக்கு இந்தச் சொல்லப் பயன்படுத்தி ஒரு விளக்கம் கொடுத்துட்டார்: நீண்டகால இலக்கு என்னன்னு தீர்மானிக்கிறது, அதுக்கான வழிய எடுக்குறது, அதுக்கு வேண்டிய ஆளையும் பணத்தையும் ஒதுக்குறது. இதுல மூணாவதுதான் எனக்கு உயிரான பகுதி. பணம் எங்க போகுதோ அங்கதான் ஸ்ட்ராடஜி இருக்கு, அறிக்கைல என்ன எழுதியிருந்தாலும் சரி.

இன்டெல் கதை இதுக்கு நல்ல சாட்சி. 1968ல ஆரம்பிச்ச அமெரிக்க சிப் கம்பெனி, கம்ப்யூட்டர்ல தகவலச் சேமிக்கிற மெமரி சிப்தான் அவங்க அடையாளம், எழுபதுகளோட கடைசிலேர்ந்து ஜப்பான் கம்பெனிகள் அதே சிப்பை நல்ல தரத்துல கம்மி விலைக்குக் கொடுக்க ஆரம்பிச்சதும் அடி வாங்கினாங்க. 1985ல இன்டெல் பிரெசிடென்ட் ஆண்டி குரோவ், அப்போ சிஇஓவா இருந்த கார்டன் மூரைப் பார்த்து, நம்மள தூக்கிட்டு வேற ஒரு தலைவரைக் கொண்டு வந்தா அவர் என்ன செய்வார்னு கேட்டார், மெமரிய விட்டுடுவார்னு மூர் சொன்னார், அப்ப நாமளே ஏன் அதச் செய்யக்கூடாதுன்னு முடிவாச்சு, கம்ப்யூட்டரோட மூளையா இருக்கற மைக்ரோப்ராசஸர் பக்கம் போனாங்க. ஆனா கவனிக்க வேண்டியது, மேல இருக்கறவங்க முடிவெடுக்கறதுக்கு முன்னாடியே ஃபேக்டரில எந்த சிப்புக்கு லாபம் அதிகமோ அதுக்கே உற்பத்தி இடத்த ஒதுக்குற விதி இருந்ததால, நடுமட்ட மேனேஜர்கள் கொஞ்சம் கொஞ்சமா மெமரிய ஏற்கனவே குறைச்சிட்டாங்க. மேனேஜ்மென்ட் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் சொல்றது இதத்தான், ஸ்ட்ராடஜி முன்கூட்டிப் போடுற திட்டம் மட்டும் இல்ல, தொடர்ந்து எடுத்த முடிவுகள்ல பின்னாடி தெரியுற ஒரு ஒழுங்கும் ஸ்ட்ராடஜிதான். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1996ல அழுத்திச் சொன்னது, எதச் செய்ய மாட்டோம்னு தேர்ந்தெடுக்கறதுதான் ஸ்ட்ராடஜியோட சாரம்னு. மெமரிய விட்டதுல ரெண்டும் இருக்கு.

இப்போ தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். திட்டம் பிளானுக்குத்தான் சரி, பின்னாடி தெரியுற அந்த ஒழுங்கு இதுல வராது. வியூகம் வடமொழி வ்யூஹ, படைய நிறுத்துற அமைப்பு. எந்த ஆள எங்க நிறுத்துறதுங்கறது கிளாஸ்விட்ஸ் கணக்குல டாக்டிக்ஸ் பக்கம்தான் போகும், தேர்தல் செய்திக்கு நல்லா இருக்கலாம், கம்பெனி எந்தத் தொழில்ல இருக்கணும்ங்கற கேள்விக்கு ஒட்டாது. மூலோபாயம் மூலமும் உபாயமும் சேர்ந்தது, இலங்கைல டாக்டிக்ஸுக்கு தந்திரோபாயம்னு ஜோடியே வச்சிருக்காங்க, பிரிவினை ரொம்பச் சுத்தம். அங்க மேனேஜ்மென்ட்டுக்கு முகாமைத்துவம், அதனால மூலோபாய முகாமைத்துவம். வாய்ல நுழைய நேரம் ஆகும், ஆனா அர்த்தத்துல ஓட்டை இல்ல.

உண்மையிலேயே பொருத்தமான சொல் சூழ்ச்சி. சூழ்னா சுத்தி வர்றது, அதுலேர்ந்து ஒரு விஷயத்த எல்லாப் பக்கமும் சுத்திப் பார்த்து ஆராயறதுங்கற பொருள் வந்துச்சு. வினைசெயல்வகை அதிகாரத்தோட முதல் குறளே "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" (671), ஆராய்ச்சியோட முடிவு துணிஞ்சு தீர்மானிக்கறது, தீர்மானிச்சதத் தள்ளிப்போடுறது கெடுதல்னு அடுத்து வருது. ஆராய்ச்சி, தீர்மானம், அதச் செயல்படுத்துறதுன்னு மூணும் அதுக்குள்ள இருக்கு, தளபதியோட வேலையும் அதேதான். ஆனா சூழ்ச்சின்னா இன்னிக்கு சதி, ஒரு கம்பெனியோட சூழ்ச்சின்னு எழுத முடியாது. இவ்ளோ நல்ல சொல் கைவிட்டுப் போனதுல எனக்கு நிஜமாவே வருத்தம்.

மிச்சம் இருக்கறது உத்தி. தொல்காப்பிய மரபியல்ல 32 உத்தி இருக்கு, அர்த்தசாஸ்திரத்தோட கடைசிப் பகுதிலயும் 32 தந்திரயுக்தி இருக்கு, ரெண்டுமே நூல் எழுதுற முறைகள். யுக்தியோட தமிழ் வடிவம்தான் உத்தின்னு அகராதி சொல்லுது, உய்த்தல்லேர்ந்து வந்த தமிழ்ச் சொல்தான்னு வாதாடுறவங்களும் உண்டு. எப்படியோ, தமிழ்நாட்டுல இது பரவிட்டுது, சின்னது, எல்லாரும் சொல்லக்கூடியது. குறை என்னன்னா தேர்வுல மார்க் வாங்குற வழிக்கும் உத்தி, கம்பெனி எந்தச் சந்தைல இருக்கணும்ங்கறதுக்கும் உத்தின்னு ஆயிடுச்சு. என் கருத்து, ஸ்ட்ராடஜிக்கு உத்தின்னு ஒதுக்கிட்டு டாக்டிக்ஸுக்கு வழிமுறைன்னோ அணுகுமுறைன்னோ எழுதலாம். உத்திகள்னு பன்மைல அஞ்சாறு வரிசையா வந்தா அது பெரும்பாலும் வழிமுறைகளாத்தான் இருக்கும், பாத்துக்கிட்டே வாங்க.

ஸ்ட்ராடஜிக் மேனேஜ்மென்ட்டுக்கு உத்திசார் மேலாண்மை போதும். ஆள்ங்கற வேர்லேர்ந்து வந்த ஆண்மைதான் மேலாண்மைல இருக்கு, குறள்ல குடும்பத்த நடத்துறதுக்கு இல்லாண்மைன்னு வருது (1026), அதே குடும்பம். லீடர்ஷிப்புக்கு தலைமைன்னாலே போதும், ஏற்கனவே மை இருக்கற சொல்லுக்கு மேல த்துவம் போட்டு தலைமைத்துவம்னு நீட்ட வேண்டாம். திறமையத் தனியா சொல்லணும்னா தலைமைப் பண்புன்னு எழுதலாம்.

ஸ்ட்ராடஜிக்னு அடைமொழியா வர்ற இடத்துல மட்டும் ஒரு நிமிஷம் நிதானிக்கணும். ஸ்ட்ராடஜிக் பார்ட்னர்னு ஒரு கம்பெனி அறிவிச்சா அந்தக் கூட்டு அவங்க உத்திய மாத்துதான்னு பாருங்க, மாத்துச்சுன்னா உத்திசார் கூட்டாளி, இல்லன்னா முக்கியமான கூட்டாளின்னு எழுதினாலே சரியா இருக்கும்.