‘புனரமைப்பு’ எதையும் மீட்பதில்லை

சுவரில் விழுந்த விரிசலைச் சாந்து வைத்து அடைத்தால் புனரமைப்பு. அதே சுவரை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுப்பினாலும் புனரமைப்பு. நடைபாதைக் கல்லைப் பெயர்த்து வேறு கல் பதித்தால் புனரமைப்பு. தெருவிளக்குக் கம்பத்துக்கு வெள்ளிப் பூச்சு அடித்தால்கூட ‘புனரமைப்புப் பணி நடைபெறுகிறது’ என்று பலகை வைத்துவிடுகிறார்கள். பழங்கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்களாவது கொஞ்சம் பார்த்து எழுதுவார்கள் என்று நினைத்தால், அவர்கள்தான் ‘ரெஸ்டோரேஷன்’ என்று வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சொல்லைப் போடுகிறார்கள்.

ரெஸ்டோரேஷனின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘ரெஸ்டௌராரே’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முன்பிருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது என்பதே பொருள். பறிபோன அரியணையைத் திரும்பப் பெறுவதற்கும் மங்கிய ஓவியத்தைத் தெளிய வைப்பதற்கும் இதே சொல்தான்.

இனி ‘புனரமைப்பு’. ‘புனர்’ வடமொழி, ‘அமைப்பு’ தமிழ். ஒட்டுச்சொல் என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை. வடமொழியில் ஊறிய பழைய தலைமுறை ‘ஜீர்ணோத்தாரணம்’ என்றது. ஜீர்ணம் என்றால் நைந்துபோனது. உத்தாரணம் என்றால் தூக்கி நிறுத்துவது. நைந்ததைத் தூக்கி நிறுத்துவது! வாயில் நுழையாத சொல்தான், ஆனால் எவ்வளவு துல்லியம். நைந்த பொருள் இன்னும் அங்கேயே இருக்கிறது, அதற்குத்தான் கை கொடுக்கிறோம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புனரமைப்பில் அது இல்லை. புனர்ஜென்மம் வேண்டுமென்றால் முதலில் செத்தாக வேண்டும். புனரமைப்பும் அப்படித்தான்: மறுபடி அமைப்பதற்கு, முன்பு அமைந்தது ஒழிந்திருக்க வேண்டும். சொல் இப்படி இடம் கொடுப்பதால்தான், சுத்தியலோடு வரும் ஒப்பந்தக்காரர் பழைய காரையை ஒரே நாளில் கொத்தி எறிந்துவிட்டு, ஆணையில் சொன்னதைத்தான் செய்தேன் என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

கட்டடமா கட்டிடமா என்று நாள் முழுக்க மல்லுக்கு நிற்கிற நம் மொழிக்காவலர்கள், அந்தக் கட்டடத்தையே இல்லாமல் ஆக்கும் இந்தச் சொல்லை மட்டும் ஏன் சும்மா விட்டார்கள் என்பது விளங்கவில்லை.

இது சொல்லாராய்ச்சிக்காரர்களின் வெட்டிச் சண்டை அல்ல. கட்டடக் கலைஞர்கள் இதற்காக நூறு ஆண்டுகளுக்கு மேல் மோதியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் பழங்கட்டடங்கள் பலவற்றில் கை வைத்த வியோலே-லெ-டுக், ரெஸ்டோரேஷன் என்பது ஒரு கட்டடத்தை முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது, அந்த முழுமை எந்தக் காலத்திலும் இருந்திராததாகக்கூட இருக்கலாம் என்று துணிந்து எழுதினார். அதற்கு எதிராக எழுந்தவர்களில் ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் முக்கியமானவர். பழங்கட்டடங்களைச் சுரண்டிப் புதுசாக்கும் வழக்கத்தைத் தடுக்க 1877இல் இங்கிலாந்தில் ஒரு சங்கமே தொடங்கினார். அன்றாடம் பேணுங்கள், பழுதைப் பாருங்கள், அதற்குமேல் கை வைக்காதீர்கள் என்பது அவர் கட்சி. பழங்கட்டடங்களைப் பேணுவதற்கான உலகப் பொது நெறிமுறையாக 1964இல் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் ரெஸ்டோரேஷன் நின்றுவிட வேண்டும் என்று கோடு கிழித்தது.

நமக்கு இன்னும் உதவுவது 1979இல் ஆஸ்திரேலியாவில் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம். இருக்கிற பாகங்களை மறுபடி சேர்த்தோ, பின்னால் ஒட்டிக்கொண்டவற்றை நீக்கியோ, தெரிந்த ஒரு முந்தைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது ரெஸ்டோரேஷன். புதுப் பொருள் உள்ளே வந்துவிட்டால் அது ரீகன்ஸ்ட்ரக்ஷன். அந்தச் சாசனம் காட்டும் உதாரணம் யாருக்கும் புரியும். கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகர வாய்க்காலை அவ்வப்போது பார்த்துச் சருகை அள்ளினால் பராமரிப்பு. கழன்று தொங்கும் வாய்க்காலைப் பழைய இடத்திலேயே மாட்டினால் ரெஸ்டோரேஷன். துருப்பிடித்து ஓட்டையானதைக் கழற்றிவிட்டுப் புதுத் தகரம் வைத்தால் ரீகன்ஸ்ட்ரக்ஷன். மூன்றையும் ‘புனரமைப்பு’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். சாசனமே கரைந்துபோகும்.

ஆகவே புனரமைப்பு ரீகன்ஸ்ட்ரக்ஷனுக்கே இருக்கட்டும். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாக்கப்பட்ட வார்சா பழைய நகரத்தைப் போலந்து மக்கள் மறுபடி கட்டி எழுப்பினார்கள். 1980இல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அது அப்பழுக்கற்ற புனரமைப்பு. பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தில் 2019 தீயில் சரிந்த கோபுர முனையைப் புதிதாகச் செய்து ஏற்றினார்கள், அதுவும் புனரமைப்பே. அதே தேவாலயத்தில் தப்பி நின்ற சுவர்களின் கரியைத் துடைத்தது புனரமைப்பு அல்ல. 2024இல் தேவாலயம் மறுபடி திறந்தபோது இரண்டையும் ஒரே சொல்லில் சுருட்டி எழுதியவர்கள், எது எரிந்தது, எது பிழைத்தது என்பதையே வாசகருக்கு மறைத்துவிட்டார்கள்.

அப்படியானால் ரெஸ்டோரேஷனுக்கு எது? ‘மறுசீரமைப்பு’ என்று ஒரு கட்சி. சீரமைப்பு என்றாலே கெட்டதைச் சரிசெய்வதுதான். அதற்கு முன்னால் ‘மறு’ எதற்கு? போதாக்குறைக்கு, கடன் மறுசீரமைப்பு, தொகுதி மறுசீரமைப்பு என்று அந்தச் சொல் வேறு ஊழியத்துக்குப் போய்விட்டது. ‘பழைய நூலகம் மறுசீரமைப்பு’ என்று படித்தால், ஆட்களை மாற்றுகிறார்களோ என்று தோன்றுகிறது. ‘மீளுருவாக்கம்’ என்பதும் தேறாது. உருவாக்கம் வந்துவிட்டாலே இல்லாததைச் செய்கிறோம் என்று ஆகிவிடுகிறது.

என் வாக்கு ‘மீட்பு’க்கு. வினையாக வந்தால் ‘மீட்டெடு’. வெள்ளத்தில் சிக்கியவரை மீட்பதும் அடகு நகையை மீட்பதும் இதே சொல்லாயிற்றே, குழப்பாதா என்று கேட்பார்கள். குழப்பாது, அந்தப் புழக்கம்தான் இதற்கு வலு. அடகு வைத்த நகையை மீட்கப் போனவரிடம் அதே அச்சில் வார்த்த வேறு நகையை நீட்டினால் வாங்கிக்கொள்வாரா? தன்னுடையதுதான் கைக்கு வர வேண்டும். மீட்பு என்றால் பொருள் இன்னும் இருக்கிறது, கைநழுவியது திரும்புகிறது என்றே தமிழ்க் காதில் விழும். ரெஸ்டோரேஷனின் உயிர்நாடியும் அதுதான். (செய்பவரை ‘மீட்பர்’ என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம், அது ஏசுநாதருக்கு உரியது. ‘மீட்புக் கலைஞர்’ போதும்.)

மற்ற வேலைகளுக்கும் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. அன்றாடக் கவனிப்புக்குப் பராமரிப்பு. ஒட்டுமொத்தமாகக் காத்து நிற்கச் செய்வதற்குப் பேணல். சின்னச் சின்னக் கேடுகளுக்குப் பழுதுபார்த்தல். மேடு பள்ளமான தெருவுக்குச் செப்பனிடல். செப்பம் என்றாலே சமம், நேர்மை. சாலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் செப்பனிட வந்தவர்கள் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே புதுத் தாரை ஊற்றி, ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளைப் படியிறங்கிப் போகும்படி ஆக்கி, மழைத் தண்ணீரையும் உள்ளே அனுப்பிவைத்தால் அதற்குச் செப்பனிடல் என்ற பெயர் தகாது. சொல்லைப் பார்த்தாவது வேலையைச் செய்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டுவது ‘புதுப்பொலிவு’. பழங்கட்டடச் செய்தி எதுவும் இந்தச் சொல் இல்லாமல் முடிவதில்லை. புதுப்பொலிவு வேண்டித்தான் சுண்ணாம்புக் காரைச் சுவரின்மேல் சிமெண்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரத்தோடு உப்பு சேர்ந்து செங்கல்லின் முகத்தையே செதில் செதிலாக உதிர்க்கும். புதுப்பொலிவு வேண்டித்தான் மணலைப் பீய்ச்சிச் செங்கல்லின் சுட்ட மேல்தோலை உரிக்கிறார்கள். பிறகு மழைக்கு அது தாங்குவதில்லை. நூறாண்டுச் சுவருக்கு வயது தெரிவதில் என்ன குற்றம்? அந்தச் சுவரைப் பற்றி எழுதுகிறவர் ‘மீட்கப்பட்டது’ என்று எழுதத் தொடங்கினால், எதை மீட்டீர்கள், எது புதிது என்று கேட்கவாவது வாசகருக்கு ஒரு பிடி கிடைக்கும். ‘புதுப்பொலிவுடன் புனரமைக்கப்பட்டது’ என்ற வரியில் கேட்க ஒன்றுமில்லை.